மணிக்கூட்டைப் பாராத உரையாடல்

எண்பதுகளில் கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகைக் காரியாலயத்தில் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளுக்கென ஒரு பதிவேடு இருந்தது. யாருடன், எதற்காக, எத்தனை நிமிடம் பேசினோம் என்பதை அதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வீட்டிலும் அதே கணக்குத்தான். தொண்ணூறுகளில் ரொறன்ரோவிலிருந்த தம்பியுடன் பேசுவதற்கு, எங்கள் வீதியிலிருந்த 'கொமியூனிக்கேஷன்' கடைக்கு அம்மா செல்வார். சொல்ல வேண்டியவற்றைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, சுவரிலுள்ள மணிக்கூட்டைப் பார்த்தபடியே பேசுவார். அழுகைக்கும் காசு என்பதால் அங்கே அவர் அழுததில்லை.

இந்த நிமிடக் கணக்கை ஒழித்த தொழில்நுட்பம் அன்றே பிறந்திருந்தது என்பதை நான் பின்னரே அறிந்தேன். குரலை இலக்கங்களாக்கி, சிறு பொதிகளாகப் பிரித்து, கணினி வலையமைப்பினூடாக அனுப்பும் முயற்சி 1974இல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டில் நடைபெற்றது. டானி கோஹன் என்ற கணினி அறிஞர் அதில் முன்னின்றார். பழைய தொலைபேசி முறையில், இருவர் பேசி முடிக்கும்வரை ஒரு தடம் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்கள் மௌனமாக இருந்தாலும் அது பிறருக்குப் பயன்படாது. பொதி முறையிலோ ஒரே தடத்தைப் பலரது தகவல்களும் பங்கிட்டுக்கொள்கின்றன.

1995 பெப்ரவரியில் இஸ்ரேலின் வோகல்ரெக் நிறுவனம் 'இன்டர்நெட் போன்' மென்பொருளை வெளியிட்டது. இரு முனைகளிலும் கணினியும் ஒலிவாங்கியும் அதே மென்பொருளும் வேண்டும். பல கணினிகளில் ஒருவர் பேசி முடித்த பின்னரே மற்றவர் பேச இயலும். 2003 ஓகஸ்டில் ஸ்கைப் வந்தது. சுவீடனைச் சேர்ந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ரோமும் டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் பிரீஸும் அதை நிறுவினர். மென்பொருளை உருவாக்கியவர்கள் எஸ்தோனிய இளைஞர்கள்.

எங்கள் வீட்டுக்கும் ஸ்கைப் வந்தது. ஒருநாள் அம்மாவும் தம்பியும் நெடுநேரம் பேசாதிருந்தனர். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். அங்கிருந்து தாளிக்கும் ஓசை கேட்டது. இங்கே அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இருவருக்கும் இடையே கடல்களைக் கடந்து ஒரே சமையலறை இருந்தது. காரியாலயப் பதிவேடும் காலப்போக்கில் தூசி படிந்து போயிற்று.

ஆயினும் இந்த வசதி எவ்வளவு இலகுவில் கைநழுவும் என்பதையும் கண்டோம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களின் பின்னர், இலங்கையில் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் முதலியவை தற்காலிகமாக முடக்கப்பட்டன. உறவினரின் குரலைக் கேட்கத் துடித்த வேளையில் அந்த வழிகள் அடைபட்டன. அன்றிரவு எங்கள் பழைய வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. "அண்ணா, எல்லாரும் சுகமா?" என்றான் தம்பி. அவன் நிமிடக் கணக்குப் பார்க்கவில்லை.

2011இல் மைக்ரோசொப்ட் 850 கோடி டொலருக்கு வாங்கிய ஸ்கைப், 2025 மே மாதத்துடன் மூடப்பட்டது. வீட்டுத் தொலைபேசி இணைப்பையும் நீக்கிவிடலாமே என்று பிள்ளைகள் கேட்கின்றனர். நான் இன்னும் சம்மதிக்கவில்லை.