தட்டி வீடும் கம்பளிக் குல்லாயும்

கோலார் தங்கவயலில் குடியேறிய நம்மவர் முதன்முதலில் பின்னியது கம்பளியன்று, வீட்டையே பின்னினார்கள். ஈதென்ன புதிர் என்று நேயர்கள் வினவலாம். அவ்வூரின் பழைய தொழிலாளர் வரிசைகளை அறிந்தவர்களுக்கு இது புதிராகத் தோன்றாது. மூங்கிலைப் பிளந்து, சிம்புகளாக்கி, குறுக்கும் நெடுக்குமாக முடைந்த தட்டிகளே அவ்வீடுகளின் சுவர்கள். ‘தட்டி வீடு’ என்பதே அவற்றின் பெயர்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் முன்னோர் எளிதில் மறந்தாரில்லை. அப்பஞ்சத்தின் வடு ஆறுமுன்னர், 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் மைசூர் அரசின்கீழ் இருந்த இப்பகுதியில் தங்கச் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் நிலமற்ற ஆதிதிராவிட மக்கள். ஊரில் சொந்தமாக ஒரு சாண் மண் இல்லாதவர்கள், பிறருக்குப் பொன்னெடுத்துக் கொடுக்க மண்ணுக்குள் இறங்கினார்கள்.

தட்டிக்குள் காற்றுப் புகும், மழைச்சாரலும் புகும். மண்ணைக் குழைத்துப் பூசியும், கிழிந்த கோணிகளைத் தொங்கவிட்டும் இடுக்குகளை அடைத்தனர். தங்கவயல் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 2,800 அடி உயரத்தில் உள்ளது. குடியாத்தத்து வெயிலிலும் வாணியம்பாடி வெயிலிலும் வளர்ந்த உடலுக்கு அங்குள்ள மார்கழிக் குளிர் புதிது. இதில் ஒரு விந்தை உண்டு. சுரங்கம் ஆழமாக ஆழமாக வெப்பம் மிகும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பிற்காலத்தில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியபோது, அடியிலிருந்த பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைக் கடந்தது. அவ்வனலில் வியர்த்து ஒழுகியவன், வேலை முடிந்து கூண்டேறி மேலே வந்தவுடன் பனிக்காற்றில் நடுங்கினான். காதையும் மார்பையும் மூடிக்கொள்ள ஏதேனும் ஒன்று அவனுக்கு வேண்டியிருந்தது.

அதனைக் கொடுத்தது கன்னட நாடு. கோலார் நகரம் முரட்டுக் கம்பளி நெசவுக்கு முன்பே பெயர்பெற்றது. ஆடு மேய்க்கும் குருபர் இனத்தார் கரிய ஆட்டுமயிரை நூற்று, குழித்தறியில் நெய்து, புளியங்கொட்டைப் பசையூட்டி விறைப்பாக்குவர். உடம்பில் உறுத்தும், ஆயினும் மழைநீர் எளிதில் உட்செல்லாது. அக்கம்பளி பகலில் தலைக்குக் கொங்காணியாகவும் இரவில் போர்வையாகவும் பயன்படும். நாமும் ‘கம்பளி’ என்கிறோம். அவர்களும் ‘கம்பளி’ என்கிறார்கள். புதிய மொழி பேசும் ஊரில் விலை கேட்பதற்கு அந்த ஒரு சொல்லாவது கைவசம் இருந்ததே!

பழந்துணிகளை அடுக்கி, நெருக்கமாக நூலோட்டித் தைக்கும் போர்வையைக் கன்னடத்தார் ‘கௌதி’ என்பர். நம் பெண்களும் பழம்புடவையை வீணாக்குபவர் அல்லர். பிள்ளைக்குத் தூளியாவதும், பின்னர் மெத்தையாகத் தைக்கப்படுவதும், கடைசியில் கரித்துணியாவதும் பழம்புடவையின் வாழ்க்கை வரலாறு. தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் நிகழ்வது நம் வழக்கமாதலால், இப்பொருள்கள் ஊர்விட்டு ஊர் பயணமும் செய்தன. ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864-இலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. அப்பாதையில், இன்று பங்காருப்பேட்டை எனப்படும் போரிங்குபேட்டையிலிருந்து தங்கவயலுக்கு 1894-இல் கிளை பிரிந்தது. கம்பெனியாருக்கு அது நிலக்கரியும் இயந்திரமும் வரும் வழி. நம் பெண்களுக்கோ தாய்வீடு சென்று, பிள்ளையும் தூளித்துணியும் மூட்டையுமாகத் திரும்பி வரும் வழி.

இரண்டு ஊசிகொண்டு கம்பளிநூல் பின்னும் கலை நம்முடைய பழங்கலையன்று. ஐரோப்பியர் வழியாக இங்கு வந்தது. தென்னாட்டில் பெண்களின் நூல்வேலைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர், நாகர்கோவிலில் 1821-இல் லேஸ் பின்னும் தொழிலைத் தொடங்கிய மார்த்தா மால்ட் அம்மையார். திண்டின்மேல் ஊசிகளை நட்டு, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் வேலை அது. அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அதில் ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றனர் என்பது வரலாறு. கைவேலையைப் பொழுதுபோக்கு என்று எண்ணி நகைப்பவர்கள் இதனை நினைவிற் கொள்ளலாம்.

தங்கவயலுக்கு வந்த வெள்ளையருள் கார்ன்வால் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் பலர் இருந்தனர். தங்கள் ஊரில் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்கள் நலிந்தபின் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள் அவர்கள். அந்நாட்டுக் கடற்கரையில் பால்பெரோ முதலிய ஊர்களில், மீனவருக்கான நெருக்கமான நீலக் கம்பளிச் சட்டைகளைப் பெண்கள் ஐந்து ஊசிகளால் பின்னினர், கூலிக்கும் பின்னினர். ஆகவே தங்கவயலில் இரு வகைப் புலம்பெயர்ந்தோர் அருகருகே வாழ்ந்தனர் எனலாம். ஆனால் ஒருவருக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா, மற்றவருக்குத் தட்டி. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 92 மைல் கம்பியோடி மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. தட்டி வீட்டுக்குள் அது நுழைய நெடுங்காலமாயிற்று. இந்த வேற்றுமையைச் சொல்லாமல் தங்கவயலை ‘சிறிய இங்கிலாந்து’ என்று புகழ்வது அரைகுறை வரலாறு.

வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். அத்தகைய இடத்தில் ஒரு குடும்பம் ‘எங்களுடையது’ என்று சொல்லத்தக்கவை எவை? கையால் செய்ததும், கையால் செய்து பிறர் கொடுத்ததும் அல்லவா? ஆதலின் ஒரு குல்லாயையோ ஒட்டுத்துணிப் போர்வையையோ அற்பம் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. 1930-இல் தொழிலாளர் யாவரும் கைரேகை பதியவேண்டும் என்ற ஆணை பிறந்தபோது, குற்றவாளிகளைப்போல் நடத்தப்படுவதாக அவர்கள் கொதித்தெழுந்து ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். உழைக்கக் கையைக் கொடுத்தவர்கள் ரேகையைக் கொடுக்க மறுத்தார்கள். கை தங்களுடையது என்பதில் அவர்களுக்கு ஐயமிருந்ததில்லை.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் வசமாயின. 1962 டிசம்பரில் மத்திய அரசின் வசமாயின. அது சீனப் படையெடுப்பு நிகழ்ந்த குளிர்காலம். இமயப் பனியில் நின்ற ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் சுவெட்டரும் மஃப்ளரும் பின்னியனுப்பினர். கம்பளியே தேவைப்படாத சென்னைப் பட்டணத்திலும் பலர் கையில் ஊசி ஏறிய காலம் அது. முகமறியாத ஒருவனுக்காகக் கண்ணி எண்ணிப் பின்னுவது, தன் பிள்ளைக்குப் பின்னுவதினும் கடினம், அளவு தெரியாது. அதனால்தானோ என்னவோ மஃப்ளருக்குத் தனிச் சலுகை!

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நான்கு, ஐந்து தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தவர்கள் மீண்டும் பிழைப்புத் தேட வேண்டியவராயினர். தாத்தா விட்டுவந்த ஊரில் அவர்களுக்கு வீடில்லை. இருக்கும் வீடோ கம்பெனி வரிசையிலுள்ளது. பலர் ஊரைவிட்டுப் போகவில்லை. வேலையைத் தேடி நாள்தோறும் போய்வரலாயினர். தங்கத்துக்காகப் போட்ட அதே இருப்புப்பாதையில், மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரெயில் அவர்களைப் பெங்களூருக்கு ஏற்றிச் செல்கிறது. மார்கழி, தை மாதங்களில் அந்த மேடையில் நின்றால் சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு காதுவரை குல்லாய் இழுத்துவிட்ட வரிசையைக் காணலாம். அவற்றுட் பல கடையில் வாங்கியவை. ஒன்றிரண்டில் மட்டும் கண்ணி சற்றே கோணியிருக்கும்.