தொட்டிலும் கொடையும்

குழந்தை பிறந்த வீட்டில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, உற்றாரை அழைத்து, பிள்ளையை மடியில் வாங்கி மகிழ்வது நம்மவர் வழக்கம். அம்மகிழ்ச்சியின் அடியில் ஓர் அச்சமும் உறைந்து கிடந்தது என்பதை இளைஞராகிய நாம் அறியோம், முதியோர் அறிவர். 1935ஆம் ஆண்டில் இலங்கையிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. நான்கு தொட்டில்களுள் ஒன்று வெறுமையாயிற்று. இன்று அத்தொகை ஆயிரத்துக்குப் பத்தினும் குறைவு. இம்மாற்றம் தானே வந்ததன்று. பொருள் கொடுத்தவர் யார்? வீடுதோறும் நடந்தவர் யார்? கொடை நின்ற பின்னரும் பணி நின்றுவிடாமைக்குக் காரணம் யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1913ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற றொக்பெல்லர் மன்றம், 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கிற்று. அங்கே கொழுந்து பறித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் தமிழ் மக்களே. குருதியை உறிஞ்சும் அப்புழு கருவுற்ற தாயைச் சோகையாக்கும். சோகை கொண்ட தாய் நலிந்த மகவை ஈனுவாள். ஆகவே தோட்டத்துக் கொளுக்கிப்புழு தொட்டிலையும் தொட்ட நோயாகும். மன்றத்தார் மருந்து கொடுத்தனர், புழு நீங்கிற்று. ஆயினும் மலகூட வசதியில்லாத லயங்களைச் சுற்றி வெறுங்காலோடு நடந்தவர்களை அது மீண்டும் பற்றிக்கொண்டது. மலகூடம் கட்டும் செலவைத் துரைமார் பலர் விரும்பவில்லை. வலிய கூலியாள் வேண்டும் என்ற எண்ணம் இருந்த அளவுக்கு அவன் குடும்பம் நலமாக வாழவேண்டும் என்ற எண்ணம் அங்கிருக்கவில்லை. மருந்தை மாத்திரம் வழங்கும் கொடை ஓட்டைக் குடத்தில் வார்த்த நீராகும் என்பதை இம்முயற்சி உணர்த்திற்று.

அந்தப் பாடத்தின் பயனாக 1926இல் களுத்துறையிலே இலங்கையின் முதலாவது சுகாதாரப் பகுதி தோன்றியது. நோயாளி வைத்தியசாலையை நாடி வரும்வரை காத்திராது, நோய் வருமுன்னரே வீட்டை நாடிச் செல்லுதல் இதன் புதுமை. ஓர் எல்லைக்குட்பட்ட மக்கள் அனைவர்க்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பொறுப்பாளர். அவரின்கீழ்த் தாதியரும், சுகாதாரப் பரிசோதகரும், மருத்துவிச்சிகளும் பணிபுரிந்தனர். கருவுற்ற பெண்களைப் பதிவு செய்தல், பேற்றுக்கு முன்னும் பின்னும் வீடு சென்று பார்த்தல், பிள்ளைகளை நிறுத்து வளர்ச்சியை அறிதல், அம்மை குத்துதல், கிணற்றையும் மலகூடத்தையும் கவனித்தல் ஆகியன ஒரே கூரையின்கீழ் வந்தன.

மன்றத்தார் கையாண்ட நிதி முறையையும் இங்கே நோக்குதல் வேண்டும். முழுச்செலவையும் என்றென்றும் தாமே தாங்குதல் அவர்கள் கொள்கையன்று. தொடக்கத்தில் ஒரு பங்கு கொடுத்து, ஆண்டுதோறும் அதனைக் குறைத்து, அரசாங்கம் முழுப் பொறுப்பையும் ஏற்கும்படி செய்தலே அவர்களது பொதுமுறை. கொடையாளி விலகும் நாளைத் தொடக்கத்திலேயே எண்ணிக் கொடுத்த கொடை அது. களுத்துறையில் அன்று இட்ட வித்து இன்றும் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகமாக நின்று நாட்டுக்கு ஊழியரைப் பயிற்றுகின்றது.

பணம் வந்துவிட்டாற் கதவு திறந்துவிடுமா? ஊர் மருத்துவிச்சியின் கைப்பழக்கத்தையே தலைமுறை தலைமுறையாக நம்பிய வீட்டிலே, பயிற்சி பெற்றவள் என்று ஓர் இளம்பெண் வந்து நின்றால் பாட்டிமார் எளிதில் இணங்குவரா? அரசாங்கமும் அந்நிய மன்றமும் சேர்ந்து தரமுடியாத ஒன்று ஊரின் நம்பிக்கை. அதனை வளர்த்தவர்களுள் ஒருவர் வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார். கனடாவிற் பிறந்து இந்நாட்டுத் தமிழர் ஒருவரை மணந்த அவர், லங்கா மகிளா சமிதி என்னும் கிராமப் பெண்கள் சங்கத்தை உருவாக்கினார். தாய்மாரே கூடி உணவு, சுகாதாரம், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றைக் கற்றனர். அப்பணிக்காக 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

1934ஆம் ஆண்டின் இறுதியில் மலேரியா கொள்ளைநோயாக மூண்டு ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களை உண்டது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றது அப்போதுதான். அப்பேரழிவின் பின்னர் சுகாதாரப் பகுதிகள் விரைந்து பெருகின. 1946இல் ஆயிரத்துக்கு 141 ஆக இருந்த சிசு மரணம் 1947இல் 101 ஆக இறங்கிற்று. டீ.டீ.ரீ. தெளித்து மலேரியாவை அடக்கியமை இதற்கு ஒரு பெருங்காரணம். இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் இறக்கத்தைத் தொடரச் செய்தன. எனவே எல்லாப் புகழையும் ஒருவர்க்கே சூட்டுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. இன்று 350க்கு மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் நாடெங்கும் உள்ளன.

1973இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டமும் இவ்வழியே சென்றது. கெயார் நிறுவனத்தின் துணையோடும் அமெரிக்க உணவுதவியோடும் பிறந்த அச்சத்துமா, பின்னர் இந்நாட்டுச் சோளத்தையும் சோயாவையும் கொண்டு இங்கேயே தயாராயிற்று. கருவுற்ற தாயும், பாலூட்டும் தாயும், நலிந்த பிள்ளையும் அதனைக் கிளினிக்கிற் பெற்றனர். ஆயின் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் சோளம் கிடையாமல் உற்பத்தி தடைப்பட்டது. வெளிநாட்டுக் கை விலகிய பின்னும் நம் கை தளரக்கூடும் என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1848ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதே ஆண்டில் மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் தம் வைத்தியப் பணியைத் தொடங்கினார். 1898இல் இணுவிலிலே பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பெற்றது. கடல் கடந்த நாடுகளிலே திரட்டிய கொடையே அதன் மூலதனம். மிஷன் பள்ளியிற் கற்ற நான் இதனை நன்றியோடு எழுதுகின்றேன். அக்கொடையோடு மதமும் வந்ததே என்று நம் முன்னோர் கொண்ட ஐயத்தையும் நான் குறைகூறேன். பள்ளிக்குப் பள்ளி கட்டி அவர்கள் விடை கூறினார்கள்; 1923இல் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் எழுந்தமை அவ்விடையின் சிகரம். பள்ளி வாசலை மிதிக்குமுன் கழியும் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு நாம் கூறிய விடை யாது? அன்னதானத்துக்கு ஓடிவரும் கைகள், அயல் வீட்டில் நிறை குறைந்து பிறந்த பிள்ளையை நோக்கி நீண்டனவா?

சங்கத்து இளைஞரே! பெரியோரே! வெளிநாட்டில் வாழும் நம் உறவினர் அனுப்பும் பொருள் இன்று குறைவன்று. அதனைச் செலவிடும் முறையைக் களுத்துறை நமக்குக் கற்பிக்கின்றது. முதலாவது, நிழற்படத்துக்கு நின்று பால்மாப் பொதி கொடுக்குமுன், நம் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சென்று எவ்வீட்டிற் குறை உண்டு என்று கேட்போம். இரண்டாவது, ஒருநாட் கொடையை விடுத்து, நிறுக்கும் தராசு, கிளினிக் நடத்த ஒரு மண்டபம், தாய்மாரின் வீட்டுத்தோட்டம் என நாம் விலகினாலும் நிற்கக்கூடியவற்றுக்குக் கொடுப்போம். மூன்றாவது, எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று படலையில் நின்று வினவாதிருப்போம். மழையிலும் வெயிலிலும் சைக்கிளிற் சென்ற மருத்துவிச்சி எந்தப் படலையையும் அவ்வாறு தரம் பிரிக்கவில்லை. அவள் திறந்த படலைகளாலேயே நம்மிற் பலர் இன்று உயிரோடிருந்து இம்மலரை வாசிக்கின்றோம்.

அடுத்த ஆண்டு மலரிலே எத்தனை விழா எடுத்தோம் என்று எழுதுவதோடு, நம் ஊரில் எத்தனை பிள்ளைகள் நிறை கூடினர் என்றும் எழுதும் பேறு நம் சங்கத்துக்கு வாய்ப்பதாக.