ஓவரெண்ட் கர்னி வீழ்ச்சி (1866)

லண்டன் லொம்பார்ட் தெருவில் இயங்கிய ஓவரெண்ட், கர்னி நிறுவனம் 1866 மே 10 அன்று பணம் கொடுப்பதை நிறுத்தியது. கடன் சுமார் 1.1 கோடி பவுன். வணிகர்களின் மாற்றுச்சீட்டுகளைத் தள்ளுபடி விலையில் வாங்குவது அதன் பழைய தொழில். கேட்ட நேரத்தில் திருப்பித்தர வேண்டிய பணத்தை வாங்கி, ரயில்பாதை, கப்பல் என்று உடனே காசாக்க முடியாதவற்றில் முடக்கியதே அதைக் கவிழ்த்தது.

மறுநாள் பீதி நகரெங்கும் பரவியது. மைய வங்கியான இங்கிலாந்து வங்கி இந்நிறுவனத்தைக் காப்பாற்ற மறுத்தது. ஆனால் நல்ல ஈடு காட்டிய மற்றவர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தது. அதன் வட்டி விகிதம் 10 சதவீதமாக உயர்ந்து சுமார் மூன்று மாதம் அங்கேயே நின்றது. பொருளியல் எழுத்தாளர் வால்டர் பேஜட் 1873இல் இந்த நடைமுறையையே மைய வங்கியின் கடமையாக வகுத்தார்.

ஓவரெண்ட் கர்னியைக் கவிழ்த்த அதே பலவீனம் பிரிட்டனில் பின்னரும் தலைதூக்கியது. 2007 செப்டம்பர் 14 அன்று நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் வரிசைகள் நீண்டன. நீண்டகால வீட்டுக்கடனுக்குக் குறுகியகாலச் சந்தைப் பணத்தை நம்பியிருந்த வங்கி அது. வரிசையில் நின்றவர்களை மூடர்கள் என்பது அநியாயம்: அப்போது வைப்புத்தொகையில் முதல் 2,000 பவுனுக்கு மட்டுமே முழுக் காப்புறுதி, அடுத்த 33,000 பவுனுக்கு 90 சதவீதம். செப்டம்பர் 17 அன்று அரசு முழு உத்தரவாதம் அளித்தபின் வரிசைகள் கலைந்தன. 2008 பிப்ரவரியில் வங்கி அரசுடைமையானது.