குறி தெரிந்த பிறகே அம்பு



புற்றுநோய் என்ற சொல்லைச் சொல்ல வேண்டி வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வது நம் தோட்டங்களில் வழக்கம். "பெரிய வியாதி" என்று மறைத்துச் சொல்வோரும் உண்டு. பெயரைச் சொன்னாலே நம் வீட்டுக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. ஆனால் அந்த நோயோடு மனிதன் நடத்திவரும் போரின் வரலாற்றைப் பார்த்தால், நோய்க்குச் சரியான பெயர் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்துதான் வெற்றிகளும் தொடங்கின என்பது தெரியும். அந்த வரலாற்றில் நம் அண்டை நகரமான சிங்கப்பூரின் பங்கை இன்று காண்போம்.

சிராங்கூன் சாலையில் புடவை எடுக்கவும், வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிடவும், தேக்காவில் காய்கறி வாங்கவும் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் நம்மில் பலர். அந்தத் தேக்காவின் ஓரத்திலேயே, புக்கிட் தீமா சாலையில், பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான கே.கே. மருத்துவமனை இருக்கிறது. இன்னும் தெற்கே போனால் ஊட்ரம் வட்டாரத்தில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை இருக்கிறது. 1999ஆம் ஆண்டில் தேசியப் புற்றுநோய் நிலையம் அமைந்ததும் அந்த வட்டாரத்தில்தான். நம் கதை அந்த நிலையம் தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறது.

கனகரத்தினம் சண்முகரத்தினம் என்ற பேராசிரியர் 1921இல் பிறந்தவர். இலங்கைத் தமிழ் மரபில் வந்தவர். அவர் நோயியல் வல்லுநர். அறுவை மருத்துவர் வெட்டி எடுத்த சதைத்துண்டை மெல்லிய இழையாகச் சீவி, சாயம் ஏற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, இது இன்ன நோய் என்று தீர்ப்புச் சொல்வது நோயியல் வல்லுநரின் வேலை. நோயாளி அவரைப் பார்ப்பதே இல்லை. ஆனாலும் அவர் எழுதித் தரும் தாளைப் பார்த்த பிறகுதான் மற்ற மருத்துவர்கள் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள்.

இந்தப் பேராசிரியர் முன்னின்று அமைத்ததே சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவேடு. 1968ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வகைப் புற்றுநோய் வந்தது என்ற விவரம் அதில் பதிவாகி வருகிறது. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்காமல் தோட்ட வேலை நடக்காது என்பது நமக்குத் தெரியும். ஒரு நாட்டின் நோய்களுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்று அவர் எண்ணினார். அதற்கென 2007இல் சட்டம் இயற்றப்படும்வரை, மருத்துவர்கள் தாமாகவே முன்வந்து கொடுத்த விவரங்களைக் கொண்டே அந்தப் பதிவேடு வளர்ந்தது.

கணக்கெடுத்ததில் என்ன தெரிந்தது? ஒரே ஊரில், ஒரே காற்றைச் சுவாசித்து வாழும் மக்களிடையே, இனத்துக்கு இனம் நோய் வேறுபட்டது. மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேரும் இடத்தில் தோன்றும் மூக்குத் தொண்டைப் புற்றுநோய் சீனர்களிடம் அதிகமாக இருந்தது. சீனர்களிலும் ஹொக்கியன், தியோச்சியூ மக்களைவிடக் கண்டோனியரிடம் கூடுதலாக இருந்தது. வாய்ப்புற்றுநோயோ இந்தியர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கத்திற்கும் வாய்ப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு ஆராய்ச்சிகளில் உறுதியாகியுள்ளது. புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூல் கூறுகிறது.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். நெடுங்காலமாக மருத்துவர்களிடம் இருந்த ஆயுதங்கள் மூன்று. வெட்டி எடுக்கும் கத்தி ஒன்று. சுட்டு அழிக்கும் கதிர்வீச்சு மற்றொன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி வந்த கீமோதெரபி மருந்துகள் மூன்றாவது. கீமோதெரபி மருந்து, வேகமாகப் பெருகும் உயிரணுக்களைக் கொல்லும். லாலான் புல்லுக்கு மருந்தடிக்கும்போது பக்கத்திலுள்ள கன்றும் கருகிப்போவதை நாம் பார்த்திருக்கிறோம். அதைப் போலவே முடி வளரும் இடம், குடலின் உட்பகுதி, இரத்தம் ஊறும் எலும்பு மச்சை ஆகியவையும் இம்மருந்தால் அடிபடுகின்றன. தலைமுடி கொட்டுவதும் வாந்தி வருவதும் இதனால்தான். இருந்தாலும் இன்றும் பல நோயாளிகளை இந்த மருந்துகளே காப்பாற்றுகின்றன என்பதை மறக்கலாகாது.

புல்லை மட்டும் பார்த்து அடிக்கும் மருந்து கிடைக்காதா? இக்கேள்விக்கு விடை கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஒருவகை இரத்தப் புற்றுநோய் கொண்டவர்களின் உயிரணுவுக்குள் வழக்கத்துக்கு மாறான குட்டையான குரோமோசோம் ஒன்று இருப்பதை இருவர் கண்டனர். அந்தக் கோளாற்றால் உருவாகும் ஒரு புரதமே அணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அந்தப் புரதத்தின் வேலையைத் தடுக்கும் இமாட்டினிப் என்ற மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இத்தகைய சிகிச்சையையே இலக்குச் சிகிச்சை என்கிறோம். மார்பகப் புற்றுநோயில் ஒருவகைக்கும், நுரையீரல் புற்றுநோயில் சில வகைகளுக்கும் இவ்வாறே மருந்துகள் வந்துள்ளன.

ஆனால் ஒரே மாத்திரை எல்லாரிடமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. இதன் காரணம் ஒன்றைச் சிங்கப்பூரின் டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளியையும் சிங்கப்பூர் மரபணு ஆய்வுக் கழகத்தையும் சேர்ந்த அறிஞர்கள் 2012இல் வெளியிட்டனர். சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் நோயாளிகளை அவர்கள் ஆராய்ந்தனர். பிம் என்னும் மரபணுவில் ஒரு சிறு துண்டு குறைவாக இருப்பவர்களிடம் இமாட்டினிப் சரியாக வேலை செய்யாமற்போகலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. கிழக்காசிய மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 12 பேரிடம் இக்குறை உண்டு. ஐரோப்பியரிடம் இது காணப்படவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மட்டும் ஆராய்ந்திருந்தால் இது வெளிப்பட்டிருக்காது. ஒவ்வோர் இனத்தின் நோயையும் தனியே கணக்கெடுக்க வேண்டும் என்று பதிவேடு புகட்டிய பாடம் இங்கே மீண்டும் பயன்பட்டது.

அடுத்தது நோயெதிர்ப்புச் சிகிச்சை. நம் உடலில் டி அணுக்கள் என்ற காவற்காரர்கள் இருக்கிறார்கள். கிருமி புகுந்த அணுவையும் கெட்டுப்போன அணுவையும் தேடிப் பிடித்துக் கொல்வது அவர்கள் வேலை. 1891இலேயே நியூயார்க் நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, கிருமிகளை ஊசிவழி செலுத்திக் காவலைத் தூண்டிவிட்டால் புற்று கரையுமா என்று முயன்று பார்த்தார். காவற்காரர் வெறிகொண்டு சொந்த வீட்டையே இடித்துவிடாமலிருக்க உடல் அவர்களுக்குச் சில கடிவாளங்களைப் பூட்டியிருக்கிறது. புற்று அந்தக் கடிவாளத்தையே இழுத்துப் பிடித்துத் தப்பித்துக்கொள்கிறது. அந்தக் கடிவாளங்களை அவிழ்த்துவிடும் வழியைக் கண்ட அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானியரான தசுக்கு ஹோஞ்ஜோவுக்கும் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நாம் முன்பு கண்ட மூக்குத் தொண்டைப் புற்றுநோய்க்குத் திரும்புவோம். 1964இல் லண்டனில் கண்டறியப்பட்ட எப்ஸ்டைன்-பார் என்னும் நச்சுயிரிக்கும் இந்நோய்க்கும் நெருங்கிய உறவு உண்டு. அப்படியானால் அந்த நச்சுயிரியின் அடையாளத்தையே குறியாக வைக்கலாமே என்று சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலைய மருத்துவர்கள் எண்ணினர். நோயாளியின் இரத்தத்திலிருந்து டி அணுக்களை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் நச்சுயிரியை அடையாளம் காணப் பழக்கி, பெருக்கி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்தினர். கீமோதெரபிக்குப் பின் இவ்வாறு அணுக்களைப் பெற்ற 35 பேரில் நூற்றுக்கு 60க்கும் மேற்பட்டோர் இரண்டாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தனர் என்ற செய்தி 2014இல் வந்தது.

எங்கும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் அறிவியல் நம்பிக்கையோடு நின்றுவிடுவதில்லை. சிங்கப்பூர், மலேசியா, தைவான், தாய்லாந்து, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 330 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கீமோதெரபியோடு இந்த அணுக்களையும், மறு பிரிவுக்குக் கீமோதெரபி மட்டும் கொடுத்துப் பார்த்தனர். 2024இல் வெளியான முடிவு, இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு காலமே, அதாவது நடுமதிப்பாக 25 மாதங்களே வாழ்ந்தனர் என்று கூறியது. அதை மறைக்காமல் அம்மருத்துவர்களே எழுதி வெளியிட்டனர். அந்த 330 பேரின் பங்களிப்பும் வீண்போகவில்லை. எந்த வழி போதாது என்று காட்டியதும், அடுத்து வருவோருக்கு அவர்கள் செய்த உதவியே.

இன்னொரு முயற்சி வென்றது. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்காக, டாரியோ கம்பானா என்ற இத்தாலிய மருத்துவர் தம் குழுவினரோடு 2004இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஒரு வழியை வெளியிட்டார். டி அணுவின் மேல் புதிய ஏற்பி ஒன்றைப் பொருத்தி, புற்றணுவைத் தேடிப் பற்றவும் உடலில் நெடுநாள் நிலைக்கவும் செய்யும் வழி அது. அவ்வழியில் உருவான சிகிச்சையால் 2012இல் அமெரிக்காவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, வேறு மருந்து எதுவும் கேளாத நிலையிலிருந்து பிழைத்தாள். 2017இல் அங்கே அனுமதி கிடைத்தது. 2021இல் சிங்கப்பூரிலும் கிடைத்தது. கம்பானாவும் பின்னாளில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திற்கு வந்து பணியாற்றினார்.

இச்செய்தியைக் கேட்டதும் "அந்த மருந்து நம்மவர்களுக்குக் கிடைக்குமா?" என்ற கேள்வி எழும். ஒளிக்காமல் சொல்வோம்: 2017இல் அமெரிக்காவில் அச்சிகிச்சைக்கு வைத்த விலை 4,75,000 டாலர். பால் வெட்டியும் செம்பனைக் குலை தள்ளியும் பிழைக்கும் குடும்பம் கனவிலும் காணாத தொகை அது. ஆனால் விலை உயர்ந்ததுதான் உயிர் காக்கும் என்று எண்ண வேண்டாம். மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து 2003ஆம் ஆண்டின் பெயரால் நடத்திய பிள்ளைகளுக்கான இரத்தப் புற்றுநோய்த் திட்டத்தில் 556 பிள்ளைகள் இருந்தார்கள். பழைய மருந்துகளையே கொடுத்து, உடலில் எஞ்சிய புற்றணு எவ்வளவு என்று நுட்பமாக அளந்து, குறைவாக இருந்தோருக்கு மருந்தையும் குறைத்தார்கள். ஆறாண்டுக் கணக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பிள்ளைகள் உயிர் பிழைத்தனர். அங்கே உதவியது சரியான அளவீடு.

வருமுன் காக்கும் வழிகளோ இன்னும் மலிவானவை. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் ஹெபடைடிஸ் பி நச்சுயிரிக்கு எதிரான தடுப்பூசி, சிங்கப்பூரில் 1987 முதலும் மலேசியாவில் 1989 முதலும் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் போடப்படுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை மலேசியப் பள்ளி மாணவிகளுக்கு 13 வயதில் போடும் திட்டம் 2010இல் தொடங்கியது. பள்ளியிலிருந்து வரும் ஒப்புதல் தாளில் தயங்காமல் கையெழுத்திடுங்கள். அதுவும் நோயெதிர்ப்புப் படையைப் பழக்கும் வேலைதான்.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை மூன்று. வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, மார்பில் கட்டி, காரணமில்லாத இரத்தப்போக்கு இவற்றைக் கண்டால், மந்திரிக்கவும் எண்ணெய் பூசவும் நாளைக் கடத்தாமல் அரசாங்க மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சதையைத் தொட்டால் நோய் பரவிவிடும் என்று அஞ்சிச் சோதனையை மறுக்கக்கூடாது. நோயின் பெயரைச் சொல்வது அந்தச் சதைத்துண்டுதான். அங்கே தரும் அறிக்கைத் தாளை, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைப் போலப் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த வீட்டு அக்காளுக்குக் கொடுத்த மாத்திரை நமக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடையும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

பேராசிரியர் சண்முகரத்தினம் 2018ஆம் ஆண்டில் காலமானார். அவர் தொடங்கிவைத்த பதிவேடு இன்றும் நடைபெற்று வருகிறது. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதரின் துன்பம்; அந்த வரிகளைக் கூட்டிப் பார்த்தவர்களே அடுத்தவரின் துன்பத்திற்கு வழி தேடினார்கள். நாமும் நோயை மறைக்காமல், அதன் பெயரைத் துணிந்து கேட்டுத் தெரிந்துகொள்வோம்.