எவர்கிளேட்ஸ் ஏர்போட் சுற்றுலா

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தென்பாதியில் பரந்து கிடக்கும் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தை ஏர்போட் என்னும் விசிறிப் படகில் சுற்றிப் பார்த்து, படகுத்துறையை ஒட்டிய காட்டுயிர்ப் பூங்காவையும் கண்டு திரும்பும் சுற்றுலா. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சீட்டுதான். படகுப் பயணம் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை நீளும். மீதிப் பொழுது கரையில் அலிகேட்டர் முதலைகள், பாம்புகள், பறவைகளோடு கழியும். மயாமி நகருக்கு மேற்கே டாமியாமி சாலையோரம், ஃபோர்ட் லாடர்டேலுக்கு மேற்கே, ஆர்லாண்டோவுக்குத் தெற்கே கிசிமி ஏரித்தொடர் என மூன்று வட்டாரங்களில் இத்தகைய இடங்கள் செறிந்துள்ளன. செமினோல், மிக்கசூக்கி பழங்குடியினர் தங்கள் நிலத்தில் தாங்களே நடத்தும் பயணங்களும் உண்டு.

நிலமும் நீரும்

எவர்கிளேட்ஸ் தேங்கி நிற்கும் சேற்றுக்குட்டை அன்று, ஓடும் நீர். கிசிமி ஏரிகளில் சேரும் மழைநீர் கிசிமி ஆற்றின் வழியே சுமார் 1,900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒக்கிச்சோபி ஏரியை அடையும். பழைய நாளில் மழைக்காலத்தில் ஏரியின் தென்கரை வழிந்து, நூறு கிலோமீட்டர்வரை அகன்ற ஒரே விரிப்பாக நீர் தெற்கே நகர்ந்து கடலில் கலந்தது. தரையின் சரிவு கிலோமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் அளவே என்பதால் ஓட்டம் கண்ணுக்குத் தெரியாது. மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் 1947ல் வெளியிட்ட நூலில் இதைப் புல்லாறு என்று அழைத்தார். அந்தப் புல், தாவரவியல்படி கோரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலை விளிம்பில் அரம்போன்ற பற்கள் இருப்பதால் இதற்குள் இறங்கி நடப்பவரின் தோல் கிழியும். அடியில் சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் மக்கிய கரிச்சேறு, அதன்மேல் முழங்கால் அளவு நீர். தரை சற்றே உயர்ந்த இடங்களில் மட்டும் மரங்கள் அடர்ந்து தீவுபோல நிற்கும்.

இங்கே காலால் நடப்பதும் கடினம், சாதாரண மோட்டார் படகை ஓட்டுவதும் கடினம். நீருக்கடியில் சுழலும் விசிறி நாலடி போவதற்குள் கோரையில் சிக்கி நின்றுவிடும். செமினோல் மக்கள் சைப்ரஸ் மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் நின்றபடி கழி ஊன்றிச் சென்றார்கள். வெள்ளையர்களான தவளை வேட்டைக்காரர்களும் நெடுங்காலம் கழியையே நம்பினார்கள்.

படகின் தோற்றம்

விசிறியை நீரிலிருந்து எடுத்துக் காற்றில் சுழலவிடும் யோசனை சதுப்புநிலத்தில் பிறக்கவில்லை. தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பெடெக் என்னும் ஊரில் வைத்திருந்த ஆய்வுக்கூடத்தில் 1905ல் முதல் ஏர்போட் உருவானது. இரண்டு மிதவைகளை இணைத்து அவற்றின்மேல் இயந்திரத்தையும் விசிறியையும் ஏற்றியிருந்தார்கள். தோற்றத்தைப் பார்த்து 'அசிங்க வாத்துக்குஞ்சு' என்று பெயரிட்டார்கள். மணிக்கு நாலு மைலுக்கு மேல் அது போகவில்லை. போக வேண்டும் என்பது நோக்கமும் அன்று. விமானத்துக்கு எத்தகைய விசிறி பொருந்தும் என்று அறிவதற்கான சோதனைக் கருவியாகவே அது செய்யப்பட்டது.

பெல்லின் விமானக் குழுவில் பின்னர் சேர்ந்தவர் நியூயார்க் மாநிலத்து மோட்டார்சைக்கிள் பந்தய வீரரும் இயந்திரக் கலைஞருமான கிளென் கர்ட்டிஸ். அமெரிக்க விமானத் தொழிலைத் தொடங்கிவைத்த சிலருள் ஒருவரான இவர், முதுமை வருமுன்னே புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்து ஹையலியா, மயாமி ஸ்பிரிங்ஸ், ஓபா-லோக்கா ஆகிய ஊர்களை உருவாக்கினார். எவர்கிளேட்ஸில் வில்லம்பு கொண்டு வேட்டையாடுவது அவருக்குப் பெரும் விருப்பம். அதற்காக 1920ல் ஸ்கூட்டர் என்ற பெயரில் ஆறு பேர் அமரும் மூடிய படகு ஒன்றை விசிறி பூட்டி ஓட்டினார். புளோரிடாவில் பதிவான முதல் ஏர்போட் அதுவே.

செல்வரின் வேட்டைப் படகாக அது நின்றிருந்தால் இன்று யாருக்கும் நினைவிருக்காது. அதை உழைப்பாளியின் கருவியாக்கியவர்கள் தவளை வேட்டைக்காரர்கள். தவளைக்கால் அக்காலப் புளோரிடா உணவகங்களில் நல்ல விலை பெற்ற பண்டம். இரவில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தவளைக் கண்ணின் மினுக்கத்தைக் குறிவைத்துக் குத்தீட்டியால் எடுப்பார்கள். ஜானி லாம்ப் என்ற வேட்டைக்காரர் ரசல் ஹோவர்டுடன் சேர்ந்து 1933ல் 75 குதிரைத்திறன் கொண்ட படகைச் செய்து வூஷ்மொபைல் என்று பெயரிட்டார். காற்றின் இரைச்சலே பெயராயிற்று. இப்படகுக்குப் பொறியாளர் வரைபடம் கிடையாது. கொட்டகையில் கிடைத்த பலகை, பழைய விமானத்திலிருந்து கழற்றிய இயந்திரம், சுற்றிலும் கம்பிக்கூண்டு, இவ்வளவுதான். எவர்கிளேட்ஸின் நாட்டுப்புறக் கைத்தொழில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் சிக்கீ எனப்படும் பனையோலைக் குடிசைக்கு அடுத்ததாக இதைத்தான் சொல்ல வேண்டும்.

நாட்டின் மறுகோடியில், யூட்டா மாநிலத்துப் பேர் ஆற்றுப் பறவைகள் புகலிடத்தில், 1943ல் ஊழியர்கள் தங்கள் வசதிக்கு ஒரு படகு செய்தார்கள். ஆழமற்ற சேற்றில் நோயுற்றுக் கிடக்கும் வாத்துகளை மீட்க வேறு வழி இல்லை. பன்னிரண்டு அடி நீளமுள்ள அலுமினியப் படகில் 40 குதிரைத்திறன் விமான இயந்திரத்தைப் பொருத்தி 'அலிகேட்டர் 1' என்று பெயர் வைத்தார்கள். யூட்டாவில் அலிகேட்டர் கிடையாது. பறவைகளைக் காப்பாற்றவென்றே பிறந்த படகு ஒன்று இவ்வரலாற்றில் இருப்பதை, ஏர்போட்டை வெறும் சத்தக்கருவியாகக் கருதுவோர் மறந்துவிடுகின்றனர்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் படைத்துறை கழித்த விமான இயந்திரங்கள் மலிவாகக் கிடைத்தன. படகுகளும் பெருகின. 1928 ஏப்ரலில் திறக்கப்பட்ட டாமியாமி சாலை, தாம்பாவையும் மயாமியையும் இணைத்துச் சதுப்பின் நடுவே சென்றது. கார் ஓட்டி வந்தவர்கள் கரையில் நிற்கும் வேட்டைக்காரரிடம் ஒரு சுற்று கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டார்கள். தவளை பிடிக்கும் தொழிலைவிட ஆளேற்றும் தொழில் கைகொடுத்தது. அச்சாலையோரம் 1945ல் தொடங்கிய கூப்பர்டவுன் இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

வியட்நாம் போரில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் மீகாங் கழிமுகத்தில் ஏர்போட்களைப் பயன்படுத்தினர். 1972 டிசம்பர் 29 இரவு, 176 பேருடன் வந்த ஈஸ்டர்ன் விமானம் 401 எவர்கிளேட்ஸில் விழுந்தபோது அவ்விடத்துக்கு முதலில் சென்றடைந்தவர் தவளை பிடித்துக்கொண்டிருந்த ராபர்ட் மார்க்விஸ். ஏர்போட்டில் விரைந்து, எரிபொருள் கலந்த நீரில் தன் தோல் வெந்ததையும் பொருட்படுத்தாமல் ஆட்களைத் தூக்கினார். தலைவிளக்கை அசைத்து மீட்பு ஹெலிகாப்டர்களுக்கு இடம் காட்டினார். 75 பேர் உயிர் பிழைத்தனர். 2005ல் காத்ரினா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளை வெளியேற்றியதிலும் இப்படகுக்குப் பங்குண்டு.

இயங்கும் முறை

அடி தட்டையானது, அலுமினியத்தாலோ கண்ணாடியிழையாலோ ஆனது. நீர்மட்டத்துக்குக் கீழே இயங்கும் உறுப்பு எதுவும் கிடையாது. எனவே சில அங்குல நீரில், ஈரப்புல்லின் மேலும்கூடப் போகும். கடற்பசுவின் முதுகைக் கிழிக்கும் விசிறியும் இல்லை. பின்புறக் கூண்டுக்குள் மரத்தாலோ கார்பன் இழையாலோ ஆன விசிறி. அதை விமான இயந்திரமோ எட்டு உருளைக் கார் இயந்திரமோ சுழற்றும். விசிறிக்குப் பின்னால் செங்குத்தான இரு சுக்கான்கள் நிற்கும். ஓட்டுநரைக் கேப்டன் என்பார்கள். அவர் இருக்கை உயரத்தில் இருக்கும், கோரைக்கு மேலே பார்க்க. இடக்கையில் சுக்கான் கோல், காலடியில் வேகமிதி.

இதற்குப் பிரேக் இல்லை. பின்னோக்கிச் செல்லவும் இயலாது. சுக்கானைத் திருப்புவது விசிறிக் காற்றே ஆதலால், வேகத்தைக் குறைத்தால் திருப்பும் வலிமையும் குறைந்துவிடும். வளைவில் வேகத்தைக் கூட்டித் திரும்ப வேண்டிய வண்டி இது. அதனால்தான் பழக்கமில்லாதவர் கையில் எளிதில் சுழன்று கவிழ்கிறது. இரைச்சல் மிகுதி என்பதால் ஏறும்போதே காதடைப்பான் தருவார்கள்.

காட்டுயிர்ப் பூங்கா

முதலைகளை வேலிக்குள் வைத்துக் காட்டும் வழக்கம் ஏர்போட்டைவிடப் பழையது. செயின்ட் அகஸ்டின் அலிகேட்டர் பண்ணை 1893ல் தொடங்கியது. ஆர்லாண்டோ அருகே ஓவன் காட்வின் 1949ல் கேட்டர்லாண்டைத் திறந்தார். மயாமியில் 1920களில் மூசா ஐல், காப்பிங்கர் தோட்டம் போன்ற இடங்களில் செமினோல் குடும்பங்கள் தங்கி, வந்தவர் பார்க்கத் தங்கள் அன்றாட வாழ்வையே நடத்தினர். வடிகால் கால்வாய்கள் வேட்டையைக் கெடுத்த பிறகு அது அவர்களுக்குக் கிடைத்த பிழைப்பு. அங்கே பெயர்பெற்ற முதலைமல்யுத்தம், இறைச்சி கெடாதிருக்க விலங்கை உயிரோடு கட்டிக்கொண்டு வந்த செமினோல் வேட்டைக்காரரின் கைத்திறனிலிருந்து வளர்ந்தது.

இன்றைய பூங்காக்களிலும் அக்காட்சியே நடுநாயகம். பயிற்சியாளர் முதலையின் முதுகில் அமர்ந்து, மோவாயை உயர்த்திப் பிடித்து, தாடையின் இயல்பை விளக்குவார். தாடையை மூடும் தசை மிக வலியது. திறக்கும் தசையோ மெலிந்தது. ஆகவேதான் ஒரு நாடாச் சுற்று குட்டியின் வாயைக் கட்டப் போதுமாகிறது. அந்தக் குட்டியைக் கையில் ஏந்திப் படமெடுத்துக்கொள்வது பயணத்தின் பழக்கமான முடிவு. வாலிறைச்சிப் பொரியலும் தவளைக்காலும் உணவகத்தில் கிடைக்கும். வளர்ப்பாரால் கைவிடப்பட்ட விலங்குகளுக்கும் காயமுற்ற பறவைகளுக்கும் இடம் தரும் பூங்காக்கள் உள்ளன. அவற்றைத் தேடிச் செல்வதே தகும். கம்பிக்குள் சலித்துச் சுற்றும் பெரும்பூனையைக் காட்டுவது எவர்கிளேட்ஸை அறிந்துகொள்ள எவ்வகையிலும் உதவாது.

காணக்கூடிய உயிர்கள்

அமெரிக்க அலிகேட்டரைக் காணாமல் திரும்புவது அரிது. 1967ல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்ட இது, காக்கப்பட்டுப் பெருகி 1987ல் அப்பட்டியலிலிருந்து நீங்கியது. கோடையில் இலைதழைகளைக் குவித்துக் கூடு கட்டி முட்டையிடும். கூட்டின் வெப்பம் 33 பாகை செல்சியஸை ஒட்டி இருந்தால் குஞ்சுகள் பெரும்பாலும் ஆண். 30க்குக் கீழானால் பெண். வறட்சியில் இவ்விலங்கு வாலாலும் மூக்காலும் தோண்டும் குழிகளில் நீர் எஞ்சும். மீனும் ஆமையும் நாரையும் அந்தக் குழிகளை நம்பியே மறுமழைவரை பிழைக்கின்றன. கூர்முக அமெரிக்க முதலையும் அலிகேட்டரும் காட்டில் ஒருங்கே வாழ்வது உலகிலேயே தென்புளோரிடாவில் மட்டும்தான். பாம்புத்தாரா, நீலக்கோழி இனம், கரண்டிவாயன், நத்தையை மட்டுமே நாடும் நத்தைப்பருந்து ஆகியவை படகிலிருந்தே தெரியும். நவம்பர் முதல் ஏப்ரல்வரையுள்ள வறண்ட பருவமே ஏற்றது. நீர் சுருங்கச் சுருங்க விலங்குகள் ஓரிடத்தில் கூடும், கொசுவும் குறைவு.

கண்ணில் படாமல் அழிவு செய்வது பர்மிய மலைப்பாம்பு. வளர்ப்புப் பாம்புகள் தப்பியும் விடப்பட்டும் பெருகி, ரக்கூன், முயல் போன்ற சிறு பாலூட்டிகளைப் பெரும்பகுதியில் துடைத்துவிட்டன. அவற்றைப் பிடிக்க 2017ல் புளோரிடா காட்டுயிர் ஆணையமும் புளோரிடா பல்கலைக்கழகமும் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அழைத்தன. நாய்களும் கருவிகளும் திணறிய நிலத்தில், தடத்தையும் எச்சத்தையும் பார்த்தே இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

சட்டமும் எல்லையும்

1947 டிசம்பர் 6 அன்று அதிபர் ட்ரூமன் திறந்துவைத்த எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவின் மூலப் பரப்பில் ஏர்போட் செல்லக்கூடாது. 1989ல் பூங்காவோடு சேர்க்கப்பட்ட கிழக்குப் பகுதியில் மட்டும், முன்பிருந்த வணிக நிறுவனங்கள் ஒப்பந்தத்தின்பேரில் ஓட்டுகின்றன. தனியாரில், அவ்வாண்டு தொடக்கத்தில் அங்கே பதிவுபெற்ற படகு வைத்திருந்தவர்களுக்கே உரிமை. மாநில நீர்நிலைகளில் படகடியிலிருந்து குறைந்தது பத்தடி உயரத்தில் செம்மஞ்சள் கொடி பறக்க வேண்டும், ஒலிதணிப்பான் கட்டாயம். 2017ல் ஏர்போட் விபத்தில் நேர்ந்த உயிரிழப்புக்குப் பின், பயணி ஏற்றும் கேப்டன்கள் படகுப் பாதுகாப்பு, முதலுதவி, இதய மீட்பு ஆகியவற்றில் சான்று பெற வேண்டும் என்ற சட்டம் 2018ல் இயற்றப்பட்டது. காட்டு அலிகேட்டருக்கு உணவு போடுவது குற்றம். மனிதரைக் கண்டால் உணவு என்று பழகிய முதலை கடைசியில் கொல்லப்படுகிறது.

இன்றைய நிலை

எவர்கிளேட்ஸின் பழைய பரப்பில் பாதியளவே மிஞ்சியுள்ளது. ஒக்கிச்சோபி ஏரிக்குத் தெற்கே கரும்பு, கிழக்கே நகரம், நடுவே கால்வாய்கள். அணைபோல் நீரைத் தடுத்து நின்ற டாமியாமி சாலையில் 2013லும் 2019லும் பாலங்கள் எழுப்பி அடியில் நீர் ஓட வழி செய்யப்பட்டது. கால்வாயாக நேராக்கப்பட்ட கிசிமி ஆற்றின் ஒரு பகுதி மீண்டும் வளைந்து ஓடவைக்கப்பட்டு, அப்பணி 2021ல் நிறைவுற்றது. 2000ஆம் ஆண்டில் சட்டமான முழுமையான மீட்புத் திட்டம் தொடர்கிறது. 2010 முதல் யுனெஸ்கோவின் ஆபத்திலுள்ள உலக மரபிடங்கள் பட்டியலில் பூங்கா இடம்பெற்றுள்ளது.