மலிவு மோடமும் மூடிய நிரலும்: லினக்ஸ் வரலாற்றில் ஒரு பக்கம்

கட்டற்ற மென்பொருள் என்றதும் நம் தோழர்கள் பலர் 'இலவசம்தானே' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். லினக்ஸை யாரும் நகலெடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இதெல்லாம் உண்மை. ஆனால் 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும், கையில் லினக்ஸ் குறுந்தகடு இருந்தும் அதைக்கொண்டு இணையத்துக்குள் நுழைய முடியாமல் நின்றவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அவர்களைத் தடுத்தது லினக்ஸ் அல்ல, கணினிக்குள் செருகியிருந்த மோடம் கார்டு. அந்தக் கார்டை இயக்கும் நிரல் யார் கையில் இருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இன்று மோடம் என்றால் வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் பெட்டி. டயல்-அப் காலத்தில் கதை வேறு. தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. அதில் கணினியின் தகவலை அனுப்ப வேண்டுமென்றால் முதலில் அதை ஒலியாக மாற்ற வேண்டும், மறுமுனையில் ஒலியைத் திரும்பத் தகவலாக்க வேண்டும். இந்த இரண்டு வேலையையும் செய்வது மோடம். இணைப்பு கிடைக்கும்போது 'கீய்ய்... கர்ர்ர்' என்று ஒரு இரைச்சல் வருமே, அது இரண்டு மோடங்கள் கம்பியின் தரத்தை அளந்து, எந்த வேகத்தில் பேசிக்கொள்வது என்று பேரம் பேசும் சத்தம்.

இந்தக் கம்பியில் யார் எதை இணைக்கலாம் என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. அமெரிக்காவில் ஏடி&டி நிறுவனம் தன் தொலைபேசி வலையில் பிறர் கருவியை இணைக்க விடவில்லை. 1968இல் அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் 'கார்ட்டர்ஃபோன்' வழக்கில் அந்தத் தடையை நீக்கியது. அதற்குப் பிறகுதான் வெளி நிறுவனங்களின் மோடங்கள் பெருகுவதற்கு வழி பிறந்தது.

1981இல் ஹேய்ஸ் நிறுவனம் 'ஸ்மார்ட்மோடம்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள்ளேயே ஒரு சிறு செயலி இருந்தது. கணினியிலிருந்து 'ஏடி' என்ற இரண்டு எழுத்தைத் தட்டினால் மோடம் காது கொடுக்கும். கூடவே 'டிடி' சேர்த்து ஒரு எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணுக்கு டயல் செய்யும். அவ்வளவுதான் மொழி. மற்ற நிறுவனங்களும் இதே கட்டளைகளைப் பின்பற்றின. இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சீரியல் போர்ட் வழியாக நாலு எழுத்து அனுப்பத் தெரிந்த எந்தக் கணினியும், எந்த இயங்குதளமும் மோடத்தைப் பயன்படுத்தலாம். மோடத்துக்கென்று தனி டிரைவரே தேவையில்லை! 1991இல் லினக்ஸ் பிறந்தபோது இந்த ஏற்பாடு அதற்குச் சும்மாவே கிடைத்தது. வெளியே வைக்கும் பெட்டி மோடத்தைச் செருகினால் வேலை செய்தது.

அப்படியானால் டிரைவர் பிரச்சினை எங்கிருந்து வந்தது? லாபக் கணக்கிலிருந்து வந்தது.

மோடத்துக்குள் இரண்டு முக்கியப் பகுதிகள் உண்டு. கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் பகுதி ஒன்று, ஒலியையும் தகவலையும் மாற்றிக் கணக்குப் போடும் பகுதி இன்னொன்று. 1990களின் நடுவில் பென்டியம் போன்ற வேகமான செயலிகள் வீட்டுக் கணினிகளுக்கு வந்துவிட்டன. 'இந்த வேலையை மோடம் ஏன் செய்ய வேண்டும், கணினியின் செயலியே செய்யட்டுமே' என்று நிறுவனங்கள் முடிவெடுத்தன. சில கார்டுகளில் முதல் பகுதியைக் கழற்றினார்கள், சிலவற்றில் இரண்டையும் கழற்றினார்கள். மிச்சம் இருந்தது கம்பியோடு இணைக்கும் சில்லும் கொஞ்சம் மின்சுற்றும்தான். கழற்றிய வேலை மென்பொருளாக மாறியது. அந்த மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டது. 'வின்மோடம்' என்பது யு.எஸ். ரோபோடிக்ஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர். பிறகு இந்த வகைக் கார்டுகள் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

கார்டின் விலை இறங்கியது. நல்லதுதானே என்று கேட்கலாம். விலை குறைந்ததால் இணையத்துக்கு வந்தவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மலிவுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது: விண்டோஸை விட்டு வெளியே போனால் உன் மோடம் வெறும் தகடு. காசு உள்ளவர் பெட்டி மோடம் வாங்கி, லினக்ஸ் போட்டு, சுதந்திரமாக இருந்தார். கடைக்காரர் எது மலிவோ அதைச் செருகிக் கொடுத்த கணினியை வாங்கியவர்தான் மாட்டிக்கொண்டார். உரிமம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை அனுபவிக்கும் வழியில் மட்டும் ஒரு சுங்கச்சாவடி. சமூகவியல் வகுப்பில் சட்ட உரிமை, நடைமுறை உரிமை என்று பிரித்துப் பிரித்துப் படித்தோமே, அதற்கு இதைவிட எளிமையான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

எனவே பூட்டைத் திறக்கும் வேலை தொடங்கியது. 'லின்மோடம்ஸ்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் கூடினார்கள். முதல் சிக்கலே சிரிப்பும் எரிச்சலும் கலந்தது: மோடம் வேலை செய்ய டிரைவர் வேண்டும், டிரைவர் இணையத்தில் இருக்கிறது, இணையத்துக்குப் போக மோடம் வேண்டும். ஆகவே ஒரே கணினியில் விண்டோஸையும் வைத்துக்கொண்டு, அதில் போய் இறக்கி, லினக்ஸுக்குத் திரும்பி வந்து நிறுவுவார்கள். விண்டோஸ் இல்லாதவர்கள் வேறொரு கணினியில் இறக்கி 1.44 எம்பி ஃப்ளாப்பியில் கொண்டுவருவார்கள். வந்து பார்த்தால் இன்னொரு நிரல் குறைவு என்று பிழைச்செய்தி வரும். மறுபடியும் ஃப்ளாப்பி, மறுபடியும் நடை.

அடுத்த சிக்கல், உள்ளே இருப்பது எந்தச் சில்லு என்று கண்டுபிடிப்பது. டப்பாவின் மேல் ஒரு பெயர், உள்ளே வேறு நிறுவனத்தின் சில்லு. லூசன்ட், கோனெக்ஸன்ட், பிசிடெல், ஸ்மார்ட்லிங்க், மோட்டோரோலா, இன்டெல் என்று பல வகை. ஒவ்வொன்றுக்கும் தனி நிரல். இதற்காகவே 'ஸ்கேன்மோடம்' என்ற சிறு கருவியை எழுதினார்கள். அது கார்டின் அடையாள எண்களையும் கெர்னல் விவரத்தையும் திரட்டி ஒரு கோப்பில் எழுதும். அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், உலகின் வேறொரு மூலையில் இருக்கும் ஒருவர் படித்து, 'உனக்கு இந்த டிரைவர்' என்று பதில் போடுவார். சம்பளம் கிடையாது, புகழும் கிடையாது. இயக்க வேலை என்பதே பெரும்பாலும் இப்படித்தான் என்பது களத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

லூசன்டின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1996இல் ஏடி&டியிலிருந்து பிரிந்த நிறுவனம் அது. பிரியும்போது பெல் ஆய்வகமும் அதனுடன் வந்தது. 1969இல் யுனிக்ஸ் பிறந்த இடம் பெல் ஆய்வகம். லினக்ஸ் வடிவெடுத்ததே அந்த யுனிக்ஸைப் பார்த்துத்தான். பாட்டன் வீட்டிலேயே பேரனுக்குக் கதவு சாத்தியது போல! லூசன்ட் மோடத்துக்கு முதலில் வந்த லினக்ஸ் டிரைவர் மூலநிரல் இல்லாத மூடிய கோப்பு. ஒரு குறிப்பிட்ட கெர்னல் பதிப்புக்காக மட்டும் தொகுக்கப்பட்டது. வேறு பதிப்பு வைத்திருந்தவர்கள் அதை வலுக்கட்டாயமாக ஏற்றினார்கள். சில சமயம் ஓடியது, சில சமயம் கணினி உறைந்தது. பிறகு வந்த தொகுப்பில் சீரியல் போர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வெளிப்பகுதியின் மூலநிரல் கிடைத்தது. ஒலியைக் கணக்கிடும் உட்பகுதி மூடியே இருந்தது. கெர்னல் 2.2, 2.4, 2.6 என்று மாற மாற, தன்னார்வலர்கள் வெளிப்பகுதியைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் அதைச் சுமந்தார்கள்.

நிறுவனங்கள் சொன்ன காரணங்களில் காப்புரிமை உண்டு, தொழில் ரகசியம் உண்டு. 56கே வேகத்துக்கான வி.90 தரம் 1998இல் வந்தது. அதற்குள் இருக்கும் கணக்கு முறைகள் பலவற்றுக்குக் காப்புரிமை இருந்ததும் உண்மைதான். ஆனால் ரகசியத்தைக் காப்பதன் சுமையை எப்போதும் வாங்கியவர் தலையிலேயே வைத்தார்கள்.

ஒரு பிரெஞ்சுக்காரர், ஃபப்ரீஸ் பெல்லார், மென்பொருள் மோடம் ஒன்றைக் கட்டற்ற உரிமத்தில் தானே எழுதத் தொடங்கினார். பிற்காலத்தில் எஃப்எஃப்எம்பெக், க்யூஎமு ஆகியவற்றால் புகழ்பெற்றவர் இவர்தான். மெதுவான பழைய தரங்கள் ஓடின. 56கே வரை அந்த முயற்சி போய்ச்சேரவில்லை. என்றாலும் இது மந்திரமல்ல, கற்றுக்கொள்ளக்கூடிய கணக்குதான் என்று அவர் எழுதிய நிரல் காட்டியது. மூடி வைக்கப்பட்ட அறிவைப் பற்றி நமக்கு முதலில் தேவைப்படுவதும் அந்தத் தெளிவுதானே.

கோனெக்ஸன்ட் சில்லுகளின் டிரைவர் 'லினக்ஸன்ட்' என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. இலவசப் பதிப்பு 14.4கே வேகத்தோடு நின்றுவிடும், முழு வேகம் வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கார்டின் வேகத்துக்கு இரண்டாவது முறை காசு. 2004இல் இந்த நிறுவனத்தின் தந்திரம் ஒன்று வெளிப்பட்டது. மூடிய நிரல் ஏறினால் 'கறைபட்டது' என்று கெர்னல் தன்மேல் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு 2001 முதல் இருந்தது. லினக்ஸன்ட் தன் உரிம வரியில் 'ஜிபிஎல்' என்று எழுதி, அடுத்து ஒரு வெற்றுக்குறியை வைத்து, அதற்குப் பின்னால் உண்மையான நிபந்தனையை எழுதியிருந்தது. கெர்னல் வெற்றுக்குறியோடு படிப்பதை நிறுத்திவிடும் அல்லவா? ஆகவே அது கட்டற்ற நிரல் என்றே நம்பியது. பயனர்களைப் பயமுறுத்தும் எச்சரிக்கைகள் திரும்பத் திரும்ப வராமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றது நிறுவனம். கெர்னல் எழுதுபவர்கள் கொதித்துப்போனார்கள்.

அகலப்பட்டை வந்ததும் இந்தச் சண்டை யாரும் வெல்லாமலே ஓய்ந்தது. புதிய மோடம் மீண்டும் வெளிப் பெட்டிக்குள் போய், ஈதர்நெட் கம்பி வழியாகக் கணினியோடு பேசியது. டிரைவர் தொல்லையும் பெரும்பாலும் போனது. ஆனால் அதே கேள்வி வைஃபை கார்டுகளுக்கு இடம் மாறியது. மூடிய ஃபர்ம்வேர் இல்லாமல் அவற்றில் பல இயங்காது. கட்டற்ற கொள்கையில் கறாரான டெபியன் குழு 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, அத்தகைய ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே சேர்க்க முடிவு செய்தது. 2023இல் வந்த டெபியன் 12இலிருந்து அது நடைமுறை. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைபேசிக்குள்ளும் ஒரு மோடம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு லினக்ஸ் கெர்னல்மேல் ஓடுகிறது. அந்த மோடத்துக்குள் ஓடும் நிரல் மட்டும் இன்றும் மூடியே இருக்கிறது.