கட்டுமுன் வரைந்தவர்கள்

மட்டக்களப்பு வாவிக் கரையோரக் கிராமங்களிலே கூத்துக் களரியைக் கண்டிராதவர் மிகச் சிலரே. வட்டமான களரி, அதனுள்ளே அண்ணாவியாரும் மத்தளமும். பின்புறத்திலே எழுதிய திரை எதுவும் இல்லை. மாளிகையும் இல்லை, காடும் இல்லை. ஆயினும் வடமோடிக் கூத்திலே அரசன் களரியிற் புகுந்த அக்கணமே அவன் அரசன் என்பதை எல்லோரும் அறிந்துகொள்கின்றனர். அவன் இடையிலே கரப்புடுப்பு விரிந்து நிற்கின்றது. கரப்பு என்பது மீன்பிடிக்கும் கூடை. அந்தக் கூடையின் வடிவை அரசனுடைய ஆடைக்குக் கொண்டுவந்த கைவினைஞன் யாவன்? அவன் பெயரை நாம் அறியோம். ஆனால் மீன்பிடிக்கும் கூடையிலே ஓர் அரசனைக் கண்ட கண் அவனுடையது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய கண் உடையவர்களின் வரலாறே.

திரைப்படத் துறையிலும் கணினி விளையாட்டுத் துறையிலும் இப்பணியைச் செய்பவரை ஆங்கிலத்திலே 'கொன்செப்ட் ஆர்ட்டிஸ்ட்' என்பர். நாம் கருத்துரு ஓவியர் எனலாம். கதை ஏட்டிலே 'பாழடைந்த கோட்டை' என்று இரண்டு சொற்கள் இருக்கும். அக்கோட்டை எத்தனை அடி உயரம், கல்லாலானதா மண்ணாலானதா, அதன் சுவரைப் பிளந்து நிற்பது ஆலா அரசா, அதன்மேல் விழுவது காலை ஒளியா மாலை ஒளியா என்பவற்றை முதன்முதலிலே கடதாசியில் தீர்த்துவைப்பவர் அவரே. தச்சரும் தையற்காரரும் ஒளிப்பதிவாளரும் கணினி வல்லுநரும் அவருடைய படத்தை முன்னே வைத்துக்கொண்டுதான் தத்தம் வேலையைத் தொடங்குகின்றனர். வேலை முடிந்ததும் அப்படத்தை எவரும் நினைப்பதில்லை. வீடு எழுந்தபின் சாரத்தை அவிழ்த்துவிடுவது போன்றது அது.

இத்தொழில் ஹொலிவுட்டிலே உருப்பெற்ற காலத்தில் முன்னின்றவர் வில்லியம் கமரூன் மென்ஸீஸ் என்பவர். கலை நெறியாள்கைக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட ஒஸ்கார் விருது, 1929ஆம் ஆண்டு நடைபெற்ற விழாவில், அவருக்கே உரியதாயிற்று. 1939இல் வெளிவந்த 'கோன் வித் த வின்ட்' என்னும் பெரும்படத்தின் காட்சிகளை அவர் முன்னதாகவே வரைந்து அடுக்கினார். நெறியாளர் இடையிலே மாறியபோதும் படத்தின் தோற்றம் சிதறாமல் நின்றமைக்கு அவ்வோவியங்கள் பெரிதும் துணைபுரிந்தன. 'தயாரிப்பு வடிவமைப்பாளர்' என்னும் புதிய பதவிப் பெயர் அவருடைய பணிக்காகவே உண்டாயிற்று.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1957இல் வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' திரைப்படத்துக்காகக் கித்துல்கலையிலே, களனி கங்கையின் குறுக்கே, பெரிய மரப்பாலம் ஒன்று கட்டப்பட்டது. கதை நிகழ்வது தாய்லாந்தில். பாலம் எழுந்தது இலங்கையில். கலை நெறியாளர் டொன் அஷ்டனின் வரைபடத்திலிருந்தே அது உருப்பெற்றது. நம் நாட்டுத் தொழிலாளரும் யானைகளும் சேர்ந்து கட்டிய அப்பாலம் ஒளிப்பதிவுக் கருவிகளின் முன்னே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் அடித்தளத்தின் எச்சங்களை ஆற்றங்கரையிலே இன்றும் காட்டுவர். அந்தப் பாலம் தகர்வதைக் கண்டு மூச்சடைத்து நின்றவர் உலகெங்கும் பல இலட்சம். அதை முதலிற் கடதாசியிலே நிறுத்தியவரின் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

இனித் தமிழகத்துக்கு வருவோம். அங்கே இக்கலையின் தாய்வீடு நாடகக் கொட்டகை. தர்பார் திரை, தெருத் திரை, காட்டுத் திரை எனச் சீலையிலே எழுதித் தொங்கவிட்டு நாடகக் குழுக்கள் ஊர் ஊராகத் திரிந்தன. கோவில்பட்டியில் வாழ்ந்து, நாட்காட்டித் தெய்வப் படங்களால் நம் வீட்டுச் சுவர்களிலெல்லாம் குடிபுகுந்த சி. கொண்டையராஜுவும் நாடகக் குழுவிலே திரை எழுதியவரே. அந்தக் கொட்டகைத் திரை சினிமாத் திரைக்குள் புகுந்தபோது அதன் அளவும் துணிவும் பன்மடங்காயின. 1948இல் ஜெமினி ஸ்டூடியோவிலிருந்து எஸ். எஸ். வாசன் வெளியிட்ட 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை நினைவுகூர்க. வரிசை வரிசையாகப் பெருமுரசுகள், அவற்றின்மேல் நடனமாதர், ஈற்றிலே முரசுகளின் உள்ளிருந்து வாளேந்திப் பாயும் வீரர். இக்காட்சியின் கலை அமைப்புக்குப் பொறுப்பாயிருந்தவர் ஏ. கே. சேகர். ஒரு முரசு மேடையாகவும் மறைவிடமாகவும் போர்க்கருவியாகவும் ஆகலாம் என்று காண்பதே கருத்துரு ஓவியனின் தொழில். கரப்பிலே அரசனைக் கண்டவனும் இவரும் ஒரே குலத்தவர் அல்லரோ?

ஏட்டுப் பக்கத்திலும் இத்தொழில் நடந்தது. 1950இல் 'கல்கி' இதழிலே 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது அதற்குப் படம் வரைந்தவர் மணியம். வந்தியத்தேவன் குதிரைமேல் இருக்கும் இருப்பையும், குந்தவையின் கொண்டையையும், பழுவேட்டரையரின் மீசையையும் வாசகர் மனத்திலே பதித்தவை எழுத்தாளரின் சொற்கள் பாதி, ஓவியரின் கோடுகள் பாதி. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 2022இல், மணிரத்தினம் அக்கதையைத் திரைப்படமாக்கியபோது அதன் தோற்றத்தை அமைத்த தோட்டா தரணி எத்தகைய சுமையைத் தாங்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள். மக்கள் முன்னரே கண்டுவிட்ட ஒரு சோழநாட்டை அவர் மீண்டும் புதிதாகக் காட்ட வேண்டியிருந்தது. 1987இல் 'நாயகன்' படத்துக்காகப் பம்பாயின் தாராவிச் சேரியைச் சென்னையிலே எழுப்பித் தேசிய விருது பெற்றவரும் இவரே.

இங்கே வரலாற்று ஆசிரியன் என்ற முறையிலே ஒன்றைச் சொல்லாமல் செல்ல முடியாது. எல்லாளனை வரையுமாறு வகுப்பிலே சொன்னால் மாணவர் வரைவது சரிகை உடுத்த திரைப்பட நடிகர் ஒருவரையே. தமிழ் வேந்தர் யாவரையும் நாட்காட்டியும் நாடகமும் ஒரே பட்டாடையிலே போர்த்திவிட்டன. இதனை எதிர்த்து, சங்கப் பாடல்கள் காட்டும் தழையும் கழலும் கருமேனியும் கொண்டு மன்னரை மீண்டும் வரைய முயன்றவர் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிற் பயின்ற ட்ராட்ஸ்கி மருது. ஓவியன் காட்டியதையே ஓர் இனம் தன் பழமை என்று நம்புகின்றது. ஆதலின் அவன் கற்பனைக்குக் கல்வியும் கடமையும் வேண்டும்.

இந்தியாவிலே ஓவியமும் படமும் ஒரே கையிற் கூடியதற்குச் சத்யஜித் ராய் சான்று. விளம்பர நிறுவனமொன்றிலே ஓவியராயிருந்த அவர், 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும்போதுதான் அதனைத் திரையிலே கண்டார். பின்னர் காட்சிகளை வரைந்து நிரப்பிய ஏட்டுடன் தயாரிப்பாளர் பலரின் வாயிலிலே ஏறி இறங்கினார். 1955இல் அப்படம் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

அவ்வாறு ஓவியத்தைக் காட்டிப் பணம் கேட்ட இன்னொரு கதை அமெரிக்காவில் நிகழ்ந்தது. போயிங் விமான நிறுவனத்திலே இயந்திரப் படங்கள் வரைந்தவர் ரால்ப் மக்குவாரி. 1975இல் ஜோர்ஜ் லூக்காஸ் என்னும் இளம் நெறியாளர் அவரிடம் விண்வெளிக் கதை ஒன்றைக் கொடுத்தார். சொல்லளவிலே அக்கதை விளங்குவது அரிது. மக்குவாரியின் வண்ணப் படங்களைக் கண்ட பின்னரே தயாரிப்பு நிறுவனத்தாருக்கு நம்பிக்கை பிறந்தது. அக்கதையின் கொடியவன் ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு வெறுவெளியிலே கடந்து வருகின்றான். அங்கே அவன் மூச்சுவிடுவது எங்ஙனம் என்று எண்ணிய ஓவியர் அவன் முகத்துக்கு ஒரு சுவாசக் கவசத்தை வரைந்தார். உலகமே அறிந்த டார்த் வேடரின் முகம் அந்தச் சிறு வினாவிலிருந்து பிறந்தது. அழகு வேண்டி வரைந்ததன்று அது. காரணம் வேண்டி வரைந்தது. 'ஸ்டார் வோர்ஸ்' 1977இல் வெளிவந்தது. மக்குவாரி 2012இல் மறைந்தார்.

கணினி விளையாட்டின் வரலாறும் இதையே கற்பிக்கின்றது. கைத்தொழில் வடிவமைப்புப் பயின்று 1977இல் ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனத்திற் சேர்ந்தவர் ஷிகெரு மியமோட்டோ. 1981இல் அவர் வடித்த வீரனுக்குக் கிடைத்த இடம் ஒரு கைப்பிடிப் புள்ளிகள் மட்டுமே. வாயை வரையப் புள்ளி போதவில்லை, மீசை வைத்தார். தலைமயிர் அசைவதைக் காட்ட இயலவில்லை, தொப்பி வைத்தார். இல்லாமையிலிருந்து பிறந்த அம்முகமே மரியோ. இன்றோ புள்ளிகளுக்குக் குறைவில்லை. ஒரு பெரிய விளையாட்டுக்கு ஓவியர் குழுக்கள் பல ஆண்டுகள் வரைகின்றன. வால்பாறையிற் பிறந்து சென்னைக் கவின்கலைக் கல்லூரியிற் பயின்ற சாபு சிரில், 2010இல் 'எந்திரன்', 2015இல் 'பாகுபலி' எனப் பெரும்படங்களுக்கு உலகங்களை அமைத்துக் காட்டியதும் இத்தகைய முன்வரைவுகளின் துணையாலேயே.

இத்தொழிலுக்கு இப்போது ஒரு சோதனை வந்துள்ளது. 2022ஆம் ஆண்டு முதலாக, சில சொற்களைக் கொடுத்தால் நொடியிலே படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுமக்கள் கையில் வந்துவிட்டன. அவை ஓவியர்களின் படங்களையே அவர்கள் இசைவின்றிக் கற்றுப் பழகின என்று குற்றஞ்சாட்டி, 2023 ஜனவரியில் அமெரிக்க ஓவியர் சிலர் நீதிமன்றம் சென்றனர். கருவி படத்தைத் தரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 'இவன் எப்படி மூச்சுவிடுவான்?' என்று கேட்பதற்கு ஒரு மனிதன் வேண்டும். வாவியிலே கரப்பைத் தூக்கிப் பழகிய கைதான் அதை அரசனின் இடையிலே கட்டத் துணிந்தது.

முடிவாக, என் குற்றம் ஒன்றைச் சொல்கின்றேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பிலே ஒரு மாணவன் கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில் ஓயாது வரைந்துகொண்டிருந்தான். நான் கடிந்து அதைப் பறித்து மேசை இழுப்பறையிலே போட்டேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் அவன் பாடசாலைக்கு வரவில்லை. கொப்பி என்னிடமே தங்கிவிட்டது. இப்பேச்சுக்காக இவ்வோவியர்களின் தொழில்முறையைக் கற்றபோது அதை எடுத்துப் பார்த்தேன். வாவியின் அடியிலே பாடும் மீன்களின் மாளிகை ஒன்றை அவன் வரைந்திருந்தான். அதே மாளிகையை முன்னிருந்து ஒரு முறை, பக்கத்திலிருந்து ஒரு முறை, மேலிருந்து ஒரு முறை வரைந்திருந்தான். உயரம் விளங்குவதற்காக வாயிலருகே ஒரு மீனவனை நிறுத்தியிருந்தான். தேர்ந்த கருத்துரு ஓவியர் செய்வதும் அதுவே. அவனுக்கு இதை எவரும் கற்பிக்கவில்லை. கற்பித்திருக்க வேண்டியவன் நான்.

இன்று நம் வாவிக்கரையிலேயே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில், கட்புலக் கலைகளைப் பட்டப்படிப்பாகப் பயிலலாம். ஆதலின் பெற்றோரே, ஆசிரியரே, பிள்ளையின் கொப்பியின் பின்பக்கத்தைக் கிழிக்குமுன் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். அந்த மாணவன் எங்கிருந்தேனும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின், அவனுடைய கொப்பி பத்திரமாக இருக்கின்றது; வந்து பெற்றுக்கொள்ளலாம்.